சுகாசினி எழுதி வைத்த அர்த்தங்கள்

சுகாசினிக்கு ஒரு வரிக்கு ஆறு விநாடி போதும். எட்டு விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. மிச்சமாகும் இரண்டு விநாடியில் அவள் எதுவும் செய்வதில்லை. திரையைப் பார்த்தபடி இருப்பாள். அடுத்த வரி வரும்.

ஏனாத்தூர் போகும் சாலையில், டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். எங்கேயோ இருக்கிற மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வது வரிவரியாக எங்கள் திரைக்கு வரும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, முன்னால் என்ன பேசினார்கள் என்பதும் இருக்காது. அது விளையாட்டா, வசவா, மிரட்டலா என்று பார்த்து ஒரு நிறம் வைக்க வேண்டும். சாதாரணப் பேச்சு என்றால் பச்சை. திட்டு என்றால் மஞ்சள். யாருக்காவது ஆபத்து என்றால் சிவப்பு. ஒரே வரி மூன்று பேருக்குப் போகும். எந்த மூன்று பேர் என்று நமக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரு நிறமும் ஒருவர் வேறு நிறமும் வைத்தால் அந்த ஒருவருக்கு மதிப்பெண் குறையும். இரண்டு மாதம் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் மூன்றாவது மாதம் வர வேண்டாம்.

சுகாசினி முசரவாக்கத்திலிருந்து வருகிறவள். அவள் பெற்றோர் கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் அஞ்சல் வழியில் ஆங்கிலம் பி.ஏ. முடித்தாள். கணவர் ராமராஜன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறார். மகள் அபி எட்டாம் வகுப்பு. அந்த வீட்டில் காலையில் கிளம்பி வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

அவர் விழுந்த சேதி அலுவலகத்துக்குத்தான் வந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், மேற்பார்வையாளர் வேணுகோபால் சார் அவள் நாற்காலி அருகே வந்து குனிந்து சொன்னார். "சரி சார்" என்றாள். கையிலிருந்த பேட்ச்சில் இன்னும் ஒன்பது வரி மிச்சம். ஒன்பதுக்கும் நிறம் வைத்துவிட்டு எழுந்து, டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒன்பதும் சரியாக இருந்தன என்று பிறகு வேணுகோபால் சாரே எங்களிடம் சொன்னார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்களைக் கஷ்டப்படுத்தியவை பெரிய வார்த்தைகள் இல்லை. எல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான். சேர்ந்து வந்தால் வேறெங்கோ போய்விடும். ஒருத்தி 'டீயைக் கொட்டு' என்று எழுதுவாள், டீ எதுவும் இருக்காது. ஊர்வம்பைச் சொல்லு என்கிறாள். ஒருவன் 'அவள் என்னைப் பேயாக்கிவிட்டாள்' என்பான். பேசிக்கொண்டிருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் பதில் போடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். 'ஒரு பர்கரைக் கொலை செய்வேன்' என்பவனுக்கு வெறும் பசி. அதற்குச் சிவப்பு வைத்தவர்கள் எங்களில் நிறையப் பேர்.

சுகாசினிக்கு இவற்றில் பாதி முன்பே தெரியும். மீதியை வீட்டுக்குப் போய் போனில் தேடித் தெரிந்துகொள்வாள். முதல் மாதம் அவள் மதிப்பெண் எண்பத்தேழைத் தாண்டவில்லை. அர்த்தம் தெரிந்திருந்ததுதான் காரணம். மற்ற இருவரும் சிவப்பு வைத்த பர்கருக்கு அவள் மட்டும் பச்சை வைத்திருந்தாள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது இந்திராணி அக்கா. எங்களை வேலைக்கு ஏற்றிவரும் வேனில் பிள்ளையார்பாளையத்தில் ஏறுகிறவர், எல்லாருக்கும் மூத்தவர். காலையில் டிரைவர் அப்பாதுரை அண்ணன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டபின் பதினோரு பேர் இருப்போம். முந்தின நாள் தடுமாறிய வரிகளை அவரவர் நினைவிலிருந்து சொல்வார்கள். அர்த்தம் என்ன என்று பேசுவோம், ஒத்துவராவிட்டால் அக்கா கை தூக்கச் சொல்வார். எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் அர்த்தம். அதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சுகாசினியை எழுதச் சொன்னார்கள். அந்த மாதம் பதினோரு பேரும் தொண்ணூற்றைந்தைத் தாண்டினோம்.

ஜூலையில் ஒரு வரி வந்தது. 'இன்னொரு வார்த்தை பேசினால், சீக்கிரமே நீ டெய்சிச் செடிகளை மேலே தள்ளிக்கொண்டிருப்பாய்.' இதே மாதிரி டெய்சி வைத்து எழுதிய வரிகள் அந்த வாரம் ஏழெட்டு வந்திருந்தன.

"டெய்சின்னா பூம்மா. செவிலிமேட்டாண்ட நர்சரியில கூட விக்குறாங்க. எதோ தோட்ட வேல சொல்றான்," என்றார் இந்திராணி அக்கா.

"தோட்ட வேலைக்கி எதுக்குக்கா இன்னொரு வார்த்த பேசினான்னு சொல்லணும்?" என்றாள் சுகாசினி.

"சோம்பேறிப் பையனா இருப்பான். வாய் பேசாம போய்ச் செடி நடுன்னு அவங்கப்பா திட்டிக்கினு இருக்காரு. என் பையனுக்கு நான் சொல்றதில்லயா?"

வேன் சிரித்தது. சுகாசினி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பொதச்ச எடத்துல பூ மொளைக்கும்ல. செத்து மண்ணுக்குள்ள இருக்கறத அப்படி சொல்வாங்க. மெரட்டுறான்," என்றாள். திரையில் வரி படிக்கிற அதே குரல்.

"ஐயே, காலங்காத்தால! பதினோரு பேர் போற வண்டிம்மா இது."

"நேத்து போன்ல பாத்தேன்கா."

"பாத்திருப்ப. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நேத்தே நாலு பேரு பச்ச போட்டாச்சு. இப்ப மாத்தினா யாருக்கு அடி? அர்த்தம் என்னவா இருந்தா நமக்கென்னம்மா, மூணு பேரும் ஒண்ணா போட்டா போதும். தோட்ட வேல, கை தூக்குங்க."

பத்துக் கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. சுகாசினி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, குலுங்குகிற வண்டியில் நோட்டை முழங்காலில் அழுத்தி, கோணாமல் எழுதினாள்: டெய்சி, தோட்ட வேலை, பச்சை. அன்றைக்கு அவள் திரையில் டெய்சி வந்தபோது நான் பார்த்தேன். ஆறு விநாடி. பச்சை.

அதே மாதிரி இன்னும் பல. சில சரி, சில தப்பு. தப்பானவற்றில் அவள் முதலில் ஒருமுறை சொல்வாள், பிறகு எண்ணுவாள், பிறகு எழுதுவாள். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பரில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்குத் தெரியாமல் சோதனை வரிகள் நாற்பதைக் கலந்து அனுப்பினார்கள். விடை அவர்களிடம் முன்பே இருந்தது. முடிவு வந்த காலை, வேணுகோபால் சார் நான்கைந்து தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் தறியில் இருந்தவர். அண்ணன் வீட்டில் இன்னும் நெய்கிறார்கள்.

"ஆபீஸ்ல முப்பது பேரு. எல்லாருந்தான் தப்பு பண்ணியிருக்காங்க. பத்தொன்பது பேரு ஆளுக்கொரு எடத்துல. நீங்க பதினோரு பேரு மட்டும் அதே பதினாலு வரியில, அதே கலர்ல," என்றார்.

"கஷ்டமான வரிங்களா இருக்கும் சார்," என்றார் இந்திராணி அக்கா.

"இந்திராணிம்மா, நீங்களும் தறிக்காரங்க வீடுதான். ஒரு புடவையில எங்கயாவது ஒரு எடத்துல பூ கோணிச்சுன்னா நெய்ஞ்சவன் கையப் பாப்போம். முழத்துக்கு முழம் அதே பூ அதே மாதிரி கோணிச்சுன்னா?"

தறிக்கு மேலே தொங்கும் துளை போட்ட அட்டைகள்தான் புடவையில் எந்தப் பூ எங்கே வரும் என்று முடிவு செய்கின்றன. நெசவுக்குப் பேர்போன இந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரியும்.

"கைய விட்டுட்டு மேல அட்டையப் பாப்போம். எங்க இருக்குது உங்க அட்ட?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுகாசினி எழுந்து போய், போன்களும் பைகளும் வைக்கிற அலமாரியைத் திறந்து, டிபன் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"எழுதினது நான் சார்."

அவர் நின்றபடியே புரட்டினார். டெய்சி வந்த பக்கத்தில் விரல் நின்றது. தன் கண்ணாடி அறைக்கு அவளைக் கூப்பிட்டார். அறைக் கதவை அவர் சாத்துவதில்லை. என் நாற்காலி அதற்குப் பக்கத்தில்.

"இதப்பாரும்மா. பதினோரு பேரையும் அனுப்பச் சொன்னாலும் சொல்வாங்க. உங்க வீட்டு நெலம எனக்குத் தெரியும். இந்தப் பதினாலு வரிக்கும் நோட்டு இல்லாம அர்த்தம் எழுது. உனக்குத் தெரியும்னு நான் காட்டிட்டேன்னா உன்னையாவது காப்பாத்திடலாம்."

அவள் உட்கார்ந்து எழுதினாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் விடைத்தாளை வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். பேனா பதினான்கு முறை கீச்சிட்டது.

"எல்லாமே தெரியுதேம்மா!" சந்தோஷத்தில் அவர் குரல் வெளி வரிசை வரை கேட்டது. "நீ தப்பிச்ச, போ. இத அப்படியே ஸ்கேன் பண்ணி மெட்ராசுக்கு அனுப்பறேன்."

அவள் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நிறம் வைக்க ஆரம்பித்தாள். மதியம் சாப்பிட்டாள். புளிச்சோறு, கூட அப்பளம். பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வேணுகோபால் சார் அதை இரண்டு முறை படித்தார். கூப்பிடத் தயங்கி, எழுந்து வந்து, மறுபடி உள்ளே போய், பிறகுதான் கூப்பிட்டார்.

"மத்த பத்து பேருக்கும் தெரியல, அதனால ட்ரெய்னிங் குடுங்கன்றாங்க."

"சரி சார்."

"நீ தெரிஞ்சே மாத்திப் போட்டிருக்கன்றாங்க. தெரிஞ்சே தப்பா போடறவங்கள வெச்சிக்க முடியாதாம்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அந்தத் தாள அனுப்பாம இருந்திருக்கணும். நல்லதுன்னு நெனச்சேன்மா."

"தெரியும் சார்."

"ராமராஜன்கிட்ட நான் வேணா வந்து பேசட்டுமா?"

"வேணாம் சார். அவரு தூங்கிக்கினு இருப்பாரு." பிறகு, "பேட்ச் பாதியில இருக்குது. முடிச்சிட்டுப் போலாமா?" என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார். ஐந்து மணி வரை செய்தாள். அவள் திரை அணையும்போது நானும் என்னுடையதை அணைத்தேன். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படியிறங்கிப் போயிருந்தாள்.

வேனில் இந்திராணி அக்கா அழுதார். அழுதுகொண்டே திட்டினார்.

"ஏம்மா, எதனா ரெண்டு தப்பா எழுதறதுக்கு என்னாம்மா? எங்கள மாதிரி தெரியலன்னு போட்டிருந்தா இந்நேரம் ட்ரெய்னிங்தானே. நீயும் கூட ஒக்காந்திருப்பியே."

"தோணலக்கா."

"எங்க மேல கோவமா? நாலு அற வேணா அறஞ்சிடு."

"கோவமில்லக்கா." யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். கோபத்தைத் தேடி, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

வேன் பெரிய சாலையில் ஏறியதும், "அப்பாதுரைண்ணே, ஷூ கம்பெனி கேட்டாண்ட நிறுத்துங்க," என்றாள்.

"அங்க யாரும்மா இருக்காங்க?"

"நாளைக்கி ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம். ஆறு மணி வரைக்கும் பேர் எழுதிக்கிறாங்க."

ஆறு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு மேசை, ஒரு ஆள், ஏழெட்டுப் பெண்களின் வரிசை. அவள் இறங்கி வரிசையின் கடைசியில் நின்றாள். எதிரே ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்ததால் எங்கள் வேன் நகர முடியவில்லை. வரிசை வேகமாகக் கரைந்தது. ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

"பேரு?"

"சுகாசினி. முசரவாக்கம்."

"என்னா படிச்சிக்கிற?"

"பத்தாவது."

"பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில் சார்," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். லாரி ஒதுங்கியது.