கேட்டில் கூடை குறைவு

சாமிக்கண்ணுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் பேராசைக்காரன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீசர் பிரமோஷனுக்கு அலைந்தால் அது லட்சியம், மண் வெட்டுகிறவன் பர்மனென்ட் ஆக நினைத்தால் பேராசையா? அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. கொடுமைதான் செய்தான். அதற்காக வாய்க்கு வந்த பேரையெல்லாம் வைக்கலாமா?

நெய்வேலியில் சுரங்கத்துக்கு எதிரே நான் டீக்கடை போட்டிருந்தேன். ஜமால் முகமது கடை என்றால் யாருக்கும் தெரியாது. பாய் கடை என்றால் தெரியும். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் விடிந்தால் என் கண்ணெதிரே அந்தக் கூத்துதான். கான்ட்ராக்ட் மேஸ்திரி சுரங்க கேட்டுக்கு முன்னால் மண் சுமக்கும் காலிக் கூடைகளைக் கொட்டுவார். கூடை கிடைத்தவர்களுக்கு அன்று வேலை. கிடைக்காதவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நிற்கிற ஆட்களைவிடக் கூடை எப்போதும் குறைவாகவே இருக்கும். வேண்டுமென்றேதான் குறைத்துக் கொண்டுவருவார் அந்த மனிதர். அடித்துப் பிடுங்குகிறவன்தான் நன்றாக வேலை செய்வான் என்பது அவர் நினைப்பு.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கூலிக்காரன் சாமிக்கண்ணு. வந்த முதல் நாளே ஒருத்தன் வாயில் முழங்கையால் இடித்துப் பல்லைப் பெயர்த்துவிட்டுக் கூடையை எடுத்தான். அவனோடு வந்தவர்கள் அவன் பெண்டாட்டி பொன்னம்மாளும் அவள் தம்பி தனகோட்டியும். மூன்று பேருக்கும் இவனே தினமும் அடித்துப் பிடுங்குவான். மூக்கில் ரத்தம் ஒழுக என்னிடம் வந்து டீ கேட்பான்.

"ஏம்பா, நெதமும் மாடாட்டம் முட்டிகினு கெடக்கிற?" என்றேன் ஒருநாள்.

"பொன்னம்மா தலையப் பாத்தீங்களா பாய்? உச்சியில முடியே இல்ல. கூடை தேச்சிப்புடுச்சி. நான் பர்மனென்ட் ஆயிட்டா அவ கூடையத் தொட வாணாம். கம்பெனி கோட்டர்ஸ்ல குந்திகினு சோறாக்கட்டும்."

இவ்வளவுதான் அவன் ஆசை. இதில் பேராசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அறுபத்தொன்றில் கம்பெனியே நேரடியாக ஆள் எடுக்க ஆரம்பித்தது. மெடிக்கலில் தேறினால் பர்மனென்ட். சாமிக்கண்ணு, தனகோட்டி இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னார்கள். எத்தனை பேரை எடுப்பார்கள் என்று சாமிக்கண்ணு யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? மூன்று வருஷமாக அந்தக் கேட்டில் பார்த்ததுதான் அவனுக்கு உலகம். இங்கேயும் இடம் குறைவாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டான். தனகோட்டிக்கோ இவனைவிட நெஞ்சு அகலம், இவனைவிட வயசும் குறைவு.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை விட்டதும் இருவரும் கடைக்கு வந்தார்கள். தனகோட்டி டீயைக் குடித்துக்கொண்டே, "மாமா, நாளைக்குக் கூன் போடாம நெஞ்ச நிமித்திகினு நில்லு. ரெண்டு பேரும் ஒரே பிளாக்குல வூடு கேப்போம்" என்றான்.

"ரெண்டு பேரையும் எவன்டா எடுப்பான்?" என்றான் சாமிக்கண்ணு. அடுத்த நொடி கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மச்சானின் வலது மணிக்கட்டில் போட்டான். டீ கிளாஸ் உடைந்து சிதறியது. கீழே விழுந்தவனின் முழங்கையை மிதித்துக்கொண்டு அதே கையில் இன்னும் இன்னும் அடித்தான். எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. அடுப்பு விறகை உருவி அவன் முதுகில் விளாசினேன், திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த பொன்னம்மாள் ஓடிவந்தாள். கையிலிருந்த கூடையாலேயே அவன் முகத்தில் மாறி மாறி அடித்தாள். நெற்றி கிழிந்து கண்ணை ரத்தம் மறைத்த பிறகுதான் நிறுத்தினான்.

"உனக்கோசரந்தான்டி" என்றான். அவள் அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

மறுநாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனான், தேறினான். அவனோடு போனவர்களும் தேறினார்கள். உடம்பு சரியாக இருந்த அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் ஆள் வேண்டுமென்று அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள்.

அந்தச் சேதியைக் கடையில் வைத்து நான்தான் அவனிடம் சொன்னேன். "ஒருத்தனக் கூடக் கழிக்கலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு தன் வலது கையை அடுப்புக் கல்லில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். தோல் கிழிந்து தொங்கியது. நான்கு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது. என்னைக் கேட்டால் அவனைப் பிடித்து ஆட்டியது ஆசை இல்லை, பேராசையும் இல்லை. பயம். அந்த மேஸ்திரி கூடை கூடையாகக் கொட்டிய பயம்.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று தனகோட்டியே சொல்லிவிட்டான். அவன் கை கோணலாகக் கூடியது, விரல் மடங்கவில்லை. சாமிக்கண்ணுவுக்குக் காக்கி உடுப்பு வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது. பொன்னம்மாள் மட்டும் வரவில்லை. தம்பியின் குடிசையிலேயே தங்கி, பழையபடி கான்ட்ராக்ட் கூடைக்கே போனாள்.

ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில் கேட் முன்னால் அவளை மறித்தான்.

"கோட்டர்ஸ் சாவி. இந்தா புடி. வூட்டுக்கு வா."

"என் தம்பி அந்தக் கையால சோறு பெசையட்டும். அன்னிக்கு வர்றன்" என்றாள்.

மேஸ்திரி கூடைகளைக் கொட்டினார். கூட்டம் பாய்ந்தது, அவளும் பாய்ந்தாள். பழைய பழக்கத்தில் அவளுக்காகப் பிடுங்க இவனும் உள்ளே புகுந்தான். மேஸ்திரி அவன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

"பர்மனென்ட் ஆளுக்கு இங்க இன்னா வேல? தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். கூட்டத்துக்குள் பொன்னம்மாள் ஒருத்தியின் வாயில் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள்.