ஜாய்ஸ் மனப்பாடம் செய்த சங்கீதம்

ஜாய்ஸைப் பற்றி எங்கள் சபையில் சொல்லப்படும் கதை பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் ஆன்சி. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். பழங்காநத்தத்தில் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயந்தரம் பெண்களுக்கு வசன தியான வகுப்பு நடத்துகிறேன். பதினோரு வருஷம் வகுப்பு நடத்தியும் உனக்குக் கோபம் குறையவில்லையே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தக் கதையை நினைத்தால் எப்படிக் குறையும்?

ஜாய்ஸுக்கு நாற்பத்தோரு வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் காயம் கட்டும் அறையில் உதவியாளர் வேலை. கணவர் ஜெய்சன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. இருவரும் சண்டை போட்டால் தெருவே கேட்கும், சமாதானம் ஆனாலும் தெருவே கேட்கும். அப்படி ஒரு ஜோடி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. ஸ்டாண்டில் யார் முதலில் ஆள் ஏற்றுவது என்று ஜெய்சனுக்கும் அருள்பாண்டி என்ற இன்னொரு டிரைவருக்கும் வாய்த்தகராறு. ஜாய்ஸ் வேலைக்குப் போவதற்காகக் கணவரின் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அருள்பாண்டி தன் வண்டிக்குப் போய் சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்து வந்தான். முதல் வெட்டு ஜெய்சனின் தோளில் விழுந்தது. அடுத்தது தடுக்கப் போன கையில். மூன்று விரல்கள் ரோட்டில் கிடந்தன. கடைசி வெட்டு கழுத்தில். ஜாய்ஸ் ஓடிப்போய் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்தினாள். தினமும் காயம் கட்டுகிறவள். எந்தக் காயத்தைக் கட்ட முடியாது என்று தொட்டவுடன் அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது.

ஜெய்சன் செத்த மூன்றாம் மாதம் என் வகுப்புக்கு வந்தாள். நான் சொல்லித்தரும் முறை லேசானது. ஒரு வேதப்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வசனம். அதையே திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லி, வேலை செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மனசில் ஓட்டி, கடைசியில் அதில் தன் பெயரைச் சேர்த்து ஜெபமாக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது நமக்கே சொன்னதாக மாறிவிடும். எங்கள் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் ஜெபிக்கிறோம்.

"டீச்சர், என் பேரைத்தான் சேக்கணுமா, அடுத்தவங்க பேரையும் சேக்கலாமா?" என்று ஜாய்ஸ் கேட்டாள்.

"தாராளமாச் சேருங்க. யாருக்காக ஜெபிக்கிறீங்களோ அவங்க பேரைப் போடுங்க" என்றேன். நல்ல கேள்வி என்று பாராட்டவும் செய்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அவள் எடுத்துக்கொண்டது எதிரியைச் சபிக்கும் சங்கீதம். அது எத்தனையாவது என்று நான் சொல்லமாட்டேன். தேடிப் பிடித்து மனப்பாடம் செய்ய ஆள் இருக்கிறார்கள். எதிரியின் ஆயுசு குறையட்டும், அவன் மனைவி தாலி அறுக்கட்டும், பிள்ளைகள் அப்பன் இல்லாமல் பிச்சை எடுக்கட்டும், ஒருத்தரும் அவர்களுக்கு இரங்க வேண்டாம் என்று போகும். ஒவ்வொரு வரியிலும் அவள் அருள்பாண்டியின் பெயரைச் சேர்த்தாள். மனைவி மலையம்மாளின் பெயரையும் எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டு சேர்த்தாள்.

ஒரு மாதத்தில் முழுச் சங்கீதமும் வாயில் ஏறிவிட்டது. வகுப்பில் அவள் முறை வந்தபோது எழுந்து நின்று சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் பெஞ்சில் ஒரு குத்து. முடிக்கும்போது விரல் முட்டிகளில் ரத்தம். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. நான் ஆயரிடம் போய் முறையிட்டேன். "வேதத்துல இருக்கிறதைத்தானம்மா சொல்றாங்க, நான் எப்படி வேண்டாங்கிறது?" என்று நழுவிவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் யாரும் அவளைப் போல ஜெபித்ததில்லை. நாங்கள் கண்ணை மூடினால் குக்கர் விசில் கேட்கும். அவளுக்கு ஒன்றும் கேட்காது. காயம் கழுவும்போது, பஸ் படியில் நிற்கும்போது, சோறு வடிக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு அவள்மேல் பயமும் இருந்தது, பொறாமையும் இருந்தது.

அருள்பாண்டி ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கில் முதல் சாட்சி ஜாய்ஸ். ஒரு நாள் பைக்கில் இரண்டு பேர் வந்து அவள் வீட்டு ஜன்னலை உடைத்து, "கோர்ட்டுக்குப் போனா உன் புருசன்கிட்டயே அனுப்பிருவோம்" என்று கத்திவிட்டுப் போனார்கள். கண்ணாடிச் சில்லு நெற்றியில் கிழித்து நாலு தையல். "டீச்சர், நான் போறேன். அவன் சாகிற வரைக்கும் எனக்குச் சாவு கிடையாது" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள்.

சாட்சி சொல்லும் நாளில் துணைக்கு நானும் போனேன். நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. அங்கே அருள்பாண்டி மனைவியோடு நின்றான். ஜாய்ஸ் அவனைப் பார்த்தபடி சங்கீதத்தைத் தொடங்கினாள். அவள் பாதிக்கு வரும்போது ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கி அருள்பாண்டியை வெட்டினான். வேறு ஏதோ பழைய பகை என்று பிற்பாடு போலீஸ் சொன்னது. முதுகில் ஒன்று, முகத்தில் ஒன்று, கையின் உட்புறம் அக்குளுக்குக் கீழே ஒன்று. டீ கிளாஸ்கள் நொறுங்கின. கூட்டம் சிதறியது. கை வெட்டிலிருந்து ரத்தம் சுவரில் பீய்ச்சி அடித்தது. மலையம்மாள் அவன்மேல் விழுந்து அலறினாள்.

ஜாய்ஸ் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்டது கிடைத்த முகம்.

அப்புறம் அவள் நடந்தாள். மலையம்மாளை முடியைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினாள். கொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தன் முந்தானையைச் சுருட்டி அந்த வெட்டுக்குள் திணித்து, முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். வலியில் அவன் அவளைக் கடித்தான். அவள் பதிலுக்கு அவன் வாயில் முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். இருபது நிமிஷமும் அவள் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அருள்பாண்டி சாகட்டும். மலையம்மாள் தாலி அறுக்கட்டும். கை காப்பாற்றியது, வாய் கொன்றது.

அவன் பிழைத்துவிட்டான். ஜாய்ஸ் சாட்சி சொல்வது தள்ளிப்போனது. யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கணவனைக் கொன்றவனுக்காக ஜெபித்துக்கொண்டே உயிரைக் காத்த பெண் என்று எழுதினார்கள். ஆயர் பிரசங்கத்தில் அவளை மன்னிப்புக்குச் சாட்சி என்று புகழ்ந்தார். ஜாய்ஸ் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். உண்மை தெரிந்த நானோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

"அன்னைக்கு அவனைக் காப்பாத்த உங்க கை ஏன் போச்சு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியல டீச்சர். வெட்டைப் பாத்தா கை போயிரும். ஆனா என் ஜெபத்தை நானே கெடுத்துட்டேன். ஜெய்சன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் மலையம்மாள் வந்தாள். சாட்சி சொல்ல வேண்டாம் என்று கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தோம்.

"நான் கோர்ட்ல சொல்லத்தான் போறேன்" என்று ஜாய்ஸ் முந்திக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. அதைத் தடுக்க வரல. அன்னைக்கு அவர் மேல ஒரு மந்திரம் ஓதுனீங்கல்ல? மயக்கத்துல வார்த்தை புரியாட்டியும் அதுதான் உசுரைப் பிடிச்சு நிறுத்துச்சுன்னு அவரு சொல்றாரு. அதை எனக்குச் சொல்லிக் கொடுங்கக்கா. பிள்ளைக ரெண்டும் ராத்திரி பயந்து கத்துதுக. அதுக தலையில கைய வச்சுச் சொல்லணும்."

எங்களில் ஒருத்தி 'அல்லேலூயா' என்றாள். அவளை அறைந்திருக்கலாம்.

ஜாய்ஸ் எழுந்து அவளுக்கு முன்னால் நின்றாள். "அது காப்பாத்துற ஜெபம் இல்ல. உன் புருசன் சாகணும், நீ தாலி அறுக்கணும், உன் பிள்ளைக பிச்சை எடுக்கணும்னு கேக்கிற ஜெபம். ரெண்டு வருசமா சொல்றேன். அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்."

மலையம்மாள் கேட்டாள்: "என் பேரும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"பிள்ளைக பேரு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா சேத்திருப்பேன்."

"பெரியவ காவ்யஸ்ரீ. நாலாவது படிக்கிறா. சின்னவன் நல்லகாமன். அவனுக்கு இன்னும் பேச்சு திருந்தல" என்றாள் மலையம்மாள். "இப்ப சேத்துக்கங்க."

ஜாய்ஸ் அவளை அறைந்தாள். மலையம்மாள் பெஞ்சில் மோதிக் கீழே விழுந்தாள். உதடு கிழிந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஜாய்ஸைப் பிடித்தோம். எங்களை உதறிக்கொண்டு அவள் கத்தினாள்.

"பிள்ளைக பேரை ஏன்டி என் வாயில போட்ட? இனி நான் எப்படிடீ ஜெபிப்பேன்?"

அதற்கடுத்த மாதம் அவள் கூண்டில் ஏறி, பார்த்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அருள்பாண்டிக்கு ஆயுள் தண்டனை. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை.

வகுப்புக்கு இன்னும் வருகிறாள். முறை வந்தால் எழுந்து அதே சங்கீதத்தைத்தான் தொடங்குகிறாள். வேறொன்றும் அவளுக்கு மனப்பாடம் ஆகவில்லை. பிள்ளைகள் வரும் வரிக்கு வந்ததும் அவள் வாய் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். மறந்தவர்களுக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பது என் வேலை. அவளுக்கு மட்டும் நான் எடுத்துக்கொடுப்பதில்லை.