மெல்லிசைக்கு முந்திக்கொண்ட மூன்று வேட்டு

அறுபத்து மூன்றாம் வருடம் மாசி மாதம், செஞ்சி பஸ் ஸ்டாண்டில், சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஒரு சிவப்புத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த நாலு மணி நேரத்தில் நான் வேர்த்த வேர்வையைப் பிடித்து வைத்திருந்தால் ஒரு காணி நிலம் நனைந்திருக்கும்.

அப்போது எனக்கு நாற்பது வயது. கடைத்தெருவில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவதில் சுமார். கதை விடுவதில் கெட்டிக்காரன். ராஜகிரி மலை உச்சியில் இருக்கும் பீரங்கிக்குள் புலி குட்டி போட்டிருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி ஒரு வாத்தியார் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகாமல் இருந்தார். அப்படிப்பட்டவனைத் திருவிழாக் கமிட்டியில் சேர்த்தது யார் தப்பு என்று இன்றுவரை முடிவாகவில்லை.

அந்த வருடம் திருவிழாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து மெல்லிசைக் குழு வருவதாக ஏற்பாடு. எங்கள் ஊர் அதுவரை நாதஸ்வரமும் தெருக்கூத்தும் பார்த்த ஊர். அக்கார்டியன், கிட்டார், காலால் மிதித்து அடிக்கும் மேளம் என்று நோட்டீஸில் படித்ததோடு சரி. கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஒரு மாதமாக ஊரில் இதே பேச்சு.

எங்கள் பக்கத்தில் கச்சேரிக்குக் கடிகார நேரம் போடுவதில்லை. குழு செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோட்டை அடிவாரத்துப் பாறையிலிருந்து மூன்று அதிர்வேட்டுப் போடுவார்கள். ஒரு மணி நேரத்தில் கச்சேரி ஆரம்பம் என்று அர்த்தம். பக்கத்துக் கிராமமான சிங்கவரம் வரைக்கும் கேட்கும். வயலில் இருப்பவர்கள் அதுவரை வேலையைப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்ட பிறகு கைகால் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். ஆள் வராமல் வேட்டுப் போட்டதாக அதுவரை சரித்திரமே இல்லை.

வேட்டுக்காரப் பெரியவருக்கு முப்பது வருடமாகத் திரி கொளுத்திக் கொளுத்திக் காது பாதி போய்விட்டது. கூப்பிட்டால் கேட்காது. அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருத்தர் சிவப்புத் துண்டை ஆட்ட வேண்டும். வாயே தேவைப்படாத வேலை என்பதால் கமிட்டித் தலைவர் அதை எனக்குக் கொடுத்தார். அவர் ரைஸ் மில் முதலாளி, உமியையும் வீணாக்காதவர்.

குழு வரவேண்டிய பஸ் ஐந்தரைக்கு. நான் மூன்று மணிக்கே துண்டோடு போய் நின்றுகொண்டேன். நாலு மணிக்குத் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. மேலே நீலத் துணி போட்டுக் கட்டிய உருண்டையான சாமான் இரண்டு. பக்கத்தில் நீளநீளமாகப் பைகள். ஜன்னல் வழியே பார்த்தால் நாலு பேர், நாலு பேரும் பேண்ட் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் செஞ்சி பஸ்ஸில் ஒரே சமயத்தில் நாலு பேண்ட் வந்தால் அது கச்சேரிக் குழுவாகத்தான் இருக்க வேண்டும் என்று என் அறிவு சொல்லியது. பஸ் நிற்கும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. ஆட்டிவிட்டேன்.

டமார். டமார். டமார். மலையில் பட்டு ஒவ்வொன்றும் இன்னொரு தடவை கேட்டது.

நான் வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய், முதலில் இறங்கியவருக்குக் கும்பிடு போட்டேன். மேலேயிருந்து சாமான் இறங்கியது. நீலத் துணியை அவிழ்த்தார்கள். உள்ளே தகர டப்பா. நீளப் பையில் பீச்சாங்குழல் மாதிரி பம்பு. அவர்கள் வீட்டுக்கு வீடு மலேரியா மருந்து அடிக்க வந்த ஆட்கள்.

அவர்களில் மூத்தவர் மலையைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கிப் போயிருந்தது.

"எல்லா ஊர்லயும் எங்களப் பாத்தா நாய அவுத்து வுடுவாங்க. உங்க ஊர்ல வேட்டு போடுறீங்களேய்யா!"

வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருடம் கதை விட்டிருப்பேன். அன்றைக்கு அவருக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

போட்ட வேட்டைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் கிளம்பிய ஜனத்தைத் திருப்பி அனுப்பலாமே என்று தோன்றியது. கடையில் வாடகைக்கு இருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் ரோட்டில் மிதித்தேன். பாதி வழியில் செயின் கழன்றது. என் கடையில் நானே மாட்டிய செயின்.

மாட்டி நிமிர்ந்தால் எதிரே முதல் கும்பல். முன்னால் சிங்கவரத்து விவசாயி ஒருவர், முழங்கால் வரைக்கும் சேறு அரைகுறையாகக் கழுவியபடி. பின்னால் பூ வைத்துக்கொண்டு அவர் மனைவி. என் கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்தான், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவர்தான் பேசினார்.

"இன்னா சைக்கிள் கடக்காரரே, வந்துட்டாங்களா? இன்னிக்கி எங்க தண்ணி மொற. ஆறு மணி வரிக்கும் எனக்குதான். வேட்டு கேட்டதும் இது நிக்க வுடல, முன்னாடி எடம் புடிக்கணும்னு இழுத்தாந்துட்டா."

நாலு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு அது. முறைக்காரன் கிணற்றடியை விட்டு நகர்ந்தால் தண்ணீர் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். மறுபடி முறை வர எட்டு நாள். மாசி வெயிலில் எட்டு நாள் என்றால் நெற்பயிருக்கு என்ன ஆகும் என்று சைக்கிள் கடைக்காரனுக்கும் தெரியும்.

அந்த இடத்தில் 'தப்பாகப் போட்ட வேட்டு, திரும்பிப் போங்கள்' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் வாயைத் திறந்தேன். இருபது ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க. டீ சாப்புடுறாங்க" என்றேன்.

என் வாய்தான். இருந்தாலும் அன்றைக்கு அது யாருடையதோ என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், ஏதோ ஊர்வலத்துக்குக் காவல் வருகிறவன் மாதிரி.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் என் பொய் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, வளர்ந்து ஆளாகியிருந்தது. குழு டீ குடித்து முடித்து, பயணிகள் பங்களாவில் பிரியாணி சாப்பிடுகிறதாம். பாடுகிற பெண் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாளாம். பார்த்துவிட்டு வந்ததாகவே ஒருத்தர் சத்தியம் செய்தார். யார் சொன்னது என்று கேட்டேன். "நீதானே சொன்னியாம்" என்றார்.

ஐந்தரை பஸ் வந்தது. மூட்டையும் கோழியும் இறங்கின. குழு இறங்கவில்லை. கண்டக்டரைக் கெஞ்சிக் கேட்டேன். திண்டிவனத்தில் இதற்கு ஆள் கொண்டுவர வேண்டிய பாண்டிச்சேரி பஸ் வழியில் அச்சு முறிந்து நிற்கிறது, பெரிய பெரிய பெட்டியோடு சிலர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எப்போது வருவார்களோ தெரியாது என்றார்.

மைதானத்தில் தலைகளுக்கு நடுவே தரை தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் தலைவர் என் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், பிரியாணி துன்றாங்கன்னியாமே? யாருய்யா துன்றது?"

சொன்னேன். எல்லாவற்றையும். மலேரியா டப்பாவில் ஆரம்பித்து. அவர் முகம் வேகவைத்த நெல் மாதிரி ஆயிற்று. "மேக்கப் போடுறாங்கன்னு மைக்ல சொல்லு. சமாளி. அதுக்குத்தானே உனக்கு வாய் குடுத்திருக்கான் ஆண்டவன்" என்று என்னை மேடையில் தள்ளிவிட்டார்.

மேடையின் பின்பக்கம் ஒரு சின்னச் சந்து இருந்தது. அதன் வழியே ஓடினால் எத்தனை நிமிடத்தில் கோட்டைக்குள் போய் ஒளியலாம் என்று கணக்குப் போட்டேன். வருடக்கணக்காக முற்றுகையைத் தாங்கிய கோட்டை. ஒரு சைக்கிள் கடைக்காரனை ஒரு ராத்திரி காப்பாற்றாதா? ஆனால் அதற்குள் மைக்குக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். மைக்கில் என் மூச்சு புஸ்புஸ்ஸென்று ஊர் முழுக்கக் கேட்டது. சிலர் அதுதான் அக்கார்டியன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மேக்கப் என்று சொல்லத்தான் போனேன். முதல் வரிசையில் சிங்கவரத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். மேடையைப் பார்க்கவில்லை. கையை நெற்றியில் வைத்து, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

என்ன ஆனதோ, உண்மை தானாக வந்துவிட்டது. குழு வரவில்லை. வேட்டு தப்பாகப் போட்டது. துண்டு ஆட்டியவன் நான். டீயும் பொய், பிரியாணியும் பொய். பஸ் அச்சு முறிந்து வழியில் நிற்கிறார்கள். வேலை இருக்கிறவர்கள் போய்ப் பாருங்கள். அவர்கள் வந்து இறங்கினால் மறுபடி மூன்று வேட்டுப் போடுகிறேன், நம்பினால் வாருங்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்னைப் பெற்றவர்களைப் பற்றியும் பேசினார்கள். ஒரு செருப்பு வந்து காதோரம் பட்டது. இரண்டாவது செருப்பு வராதா என்று தேடினேன். ஜோடியாக வந்திருந்தால் உபயோகமாயிருக்கும். இந்த ஜோக் இப்போது எழுதும்போது தோன்றியது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

கூட்டம் கலைந்தது. சிங்கவரத்துக்காரர் மேடை ஓரமாக வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"ரோட்டுலயே சொல்லியிருந்தா திரும்பிப் போயிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். மனைவியை அழைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். செருப்பு பட்ட இடம் அப்புறம் வலிக்கவே இல்லை.

ஏழேகால் இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு லாரி வந்து நின்றது. மூட்டைகளின் மேலே ஒன்பது பேர், தலையெல்லாம் புழுதி. பாடுகிற பெண் ஒரு பெரிய மேளத்தைக் குழந்தை மாதிரி மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் துண்டை ஆட்டினேன், ஆட்டினேன், கை வலிக்க ஆட்டினேன். இருட்டில் யாருக்குத் தெரியும்! பாறைக்கே ஓடினேன்.

வேட்டுக்காரர் திரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் கத்தினேன். அசையவில்லை.

"முப்பது வருசமா என் வேட்டு பொய் சொன்னதில்ல. உன்னால சொல்லிடுச்சி. கண்ணால பாக்காம பத்த வெக்க மாட்டேன்."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். லாரியருகில் வந்து ஒன்பது பேரையும் விரல் விட்டு எண்ணினார். மேளத்தின் உறையை அவிழ்க்கச் சொல்லி, விரலால் தட்டிக் காதை அதில் வைத்துக் கேட்டார். பிறகுதான் பாறைக்குத் திரும்பினார்.

டமார். டமார். டமார்.

மைதானத்தில் வல்லம் பக்கத்துக்கு பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட முப்பது பேர் மட்டும். குழு மேடையில் சாமான்களைப் பிரித்து வைத்தது. கிட்டார்க்காரர் காலி மைதானத்தைப் பார்த்து, "செஞ்சில ஜனமே இல்லையாண்ணே?" என்று கேட்டார். நான் சிங்கவரம் ரோட்டைப் பார்த்தேன். வேட்டை இனி யார் நம்புவார்கள்? இந்தத் திருவிழா மட்டுமில்லை, வரப்போகும் எல்லாக் கச்சேரிக்கும் சேர்த்து நான் துண்டை ஆட்டிவிட்டேன் என்று புரிந்தது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தலைவர் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்போது சிங்கவரம் ரோட்டில் ஒரு அரிக்கேன் விளக்கு ஆடி ஆடி வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. முன்னால் வந்தவர் அதே விவசாயி. பின்னால் ஊரே வந்தது, சாயங்காலம் என்னைத் திட்டிய வாய்களெல்லாம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல எவனும் நம்பல. நாந்தான் சொன்னேன். ஊரு முன்னாடி நின்னு செருப்படி வாங்கினவன், அதே நாள்ல இன்னொரு தபா பொய் சொல்லுவானாடா, வாங்கடான்னு இட்டாந்தேன்."

"தண்ணி?" என்றேன்.

"அது பங்காளிக்குப் போயிடுச்சி" என்று சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடிப் போனார்.

கச்சேரி பிரமாதம் என்றார்கள். எனக்கு ஒரு பாட்டும் காதில் விழவில்லை. பத்து நாள் கழித்து ஒரு வேலையைச் சாக்கு வைத்துச் சிங்கவரம் போனேன். அவர் கழனியில் மேட்டுப் பக்கம் கட்டில் அகலத்துக்குப் பயிர் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அவர் களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மறைத்தாற்போல வந்து நின்று, பாடின பெண்ணுக்கு என்ன குரல் என்று பேச ஆரம்பித்தார்.

இன்றைக்கும் நான் கதை விடுகிறவன்தான். ஆனால் யாராவது என் சொல்லை நம்பிக் காலடி எடுத்து வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த மனிதர் தன் உடம்பால் மறைத்த கட்டில் அகல மஞ்சள் என் கண் முன்னால் வந்து நிற்கிறது, வாய் தானாக மூடிக்கொள்கிறது.