தகர வேலிக்குள் குட்டி

ஜப்பான்காரர்கள் மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் நாங்கள் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தம்பின் போகும் ரயில் பாதையில் கேட் காவலராக இருந்தவர். தண்டவாளத்தையே அவர்கள் பெயர்த்துக்கொண்டு போனபின் அவருக்கு வேலை இல்லாமல் போனது. இருவருமாக வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தைக் கொத்தி மரவள்ளி நட்டோம். பூச்செடிகள் எல்லாம் போயின. ஒரு நந்தியாவட்டையை மட்டும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் பிறக்காத நாட்கள் அவை. வீட்டில் எங்களைத் தவிர ஒரு பழுப்பு நிற நாய்தான் இருந்தது. கேட்டில் வேலை முடிந்து வந்த ஒருநாள், கண் திறந்து கொஞ்ச நாளே ஆன அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். குட்டி என்று கூப்பிட்டோம். வளர்ந்து பெரிதான பிறகும் அது குட்டிதான்.

தோட்டத்துக்கு மூங்கில் வேலி இருந்தது. விறகு கிடைக்காத மாதங்களில் அதை நானே கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பில் வைத்துவிட்டேன். எனவே குட்டி நினைத்த நேரத்தில் வெளியே போகும், வரும். ஒருநாள் காலையில் அவர் பின்னாலேயே சாலைக்குப் போய்விட்டது. முச்சந்தியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் எப்போதும் நிற்பான். அவனைக் கடக்கும் எல்லோரும் குனிந்து வணங்கவேண்டும். இவர் குனிந்தார், குட்டி குரைத்தது. சிப்பாய் இவர் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டு நாயின் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினான். அதற்குள் அது வீட்டைப் பார்த்து ஓடிவிட்டது.

கன்னம் சிவந்து வந்தவர் முகம் கழுவாமலே சொன்னார்.

"இது இங்க இருந்தா நமக்கும் ஆபத்து, அதுக்கும் ஆபத்து. கிளேபாங் பக்கம் லோரியில வந்து ரோட்டுல திரியுற நாயெல்லாம் சுடுறானாம். புக்கிட் காதில் பக்கம் யாருக்காச்சும் குடுத்துடுவோம்."

"அங்க மட்டும் லோரி போகாதா? யாரு அதுக்குச் சோறு போடுவா, நமக்கே இல்லாத காலத்துல?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"கட்டிப் போடுவோம்."

நந்தியாவட்டையில் கட்டிப் போட்டோம். அது பகலெல்லாம் அழுதது. சாலையில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதது. மூன்றாம் நாள் அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டு, "வேலி போட்டாத்தான் ஆகும்" என்றார்.

எதை வைத்துப் போடுவது? பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி வந்தவர்கள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அந்த வீட்டம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். கோழிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோனதால் அவர்கள் வீட்டுக் கோழிக்கூண்டு சும்மா கிடந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே, கூண்டின் தகரங்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவளும் அவள் கணவரும் கூடவே வந்து குழி வெட்டினார்கள். குட்டி மண்ணைத் தோண்டும் என்பதால் தகரத்தின் கீழ்ப்பகுதியை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தோம். தகரம் போதாத இடத்தில் மரவள்ளிக் கம்புகளை நெருக்கி நட்டோம். கதவுக்குப் பலகை இல்லை. எங்கள் கட்டில் பலகையைக் கழற்றி அதில் இவர் கீல் வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.

குட்டி வேலியோரமாக ஒரு சுற்று சுற்றி வந்தது. ஓரிடத்தில் கால்களால் தோண்டிப் பார்த்தது. தகரத்தில் நகம் பட்டதும் விட்டுவிட்டு மரவள்ளி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நாங்கள் யோசிக்காத இடம் ஒன்று இருந்தது. தோட்டத்து மழைத்தண்ணீர் வேலிக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வெளியே போகும். அங்கே குச்சிகள்தான் குத்தி வைத்திருந்தோம். ஒரு விடியற்காலையில் இடியும் மழையுமாகப் பெய்தது. மழை விட்டதும் நான் பின்னால் போனேன். குச்சிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. குட்டியைக் காணோம்.

கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாலைப் பக்கம் லோரிச் சத்தம். பிறகு வெடிச் சத்தம், ஒன்றையடுத்து ஒன்றாக.

அவர் சட்டைகூடப் போடாமல் கிளம்பினார்.

"வேணாங்க, போகாதீங்க" என்று கையைப் பிடித்தேன்.

"குனிஞ்சு குனிஞ்சு போயிட்டு வந்துடுறேன். நீ கதவைச் சாத்திட்டு உள்ள இரு."

வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. கட்டில் பலகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய்க்காகப் புருஷனைப் போகவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். லோரிச் சத்தம் தேய்ந்து அடங்கியது. வெகுநேரம் கழித்து அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாலத்துக்கிட்ட கிடக்குது. பழுப்பு நிறம். சிப்பாய் நின்னான். கிட்டப் போக முடியல."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. அவர் உயிரோடு வந்தாரே என்று ஒரு பக்கம், அந்த வாய்க்காலில் ஒரு கல்லை வைத்திருக்கக்கூடாதா என்று ஒரு பக்கம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப்புறமிருந்து கத்தினாள்.

"அஞ்சிங் காவ் ஆடா சினி!"

உன் நாய் இங்கே இருக்கிறது என்கிறாள். எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. இவர்தான் எழுந்து ஓடினார். நானும் ஓடினேன். அவள் சமையலறையில், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், உடம்பெல்லாம் சாம்பலாகக் குட்டி ஒடுங்கிக் கிடந்தது. இடிக்குப் பயந்து வாய்க்கால் வழியே புகுந்து நேராக அங்கே போயிருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டபின் வெளியே வராமல் அங்கேயே பதுங்கிவிட்டது. அடுப்பு மூட்ட வந்தபோதுதான் அவளே அதைப் பார்த்திருக்கிறாள்.

இவரைக் கண்டதும் குட்டி வாலை மட்டும் ஆட்டியது, எழுந்திருக்கவில்லை. அவர் மண்டிபோட்டு அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சனியனே, சனியனே" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "உயிரே போயிடுச்சு எனக்கு."

பக்கத்து வீட்டம்மா சிரித்தாள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, சர்க்கரை இல்லாத ஒரு கோப்பைக் கோப்பியை என் கையில் திணித்தாள். அவ்வளவு ருசியான கோப்பியை நான் குடித்ததில்லை.

வாய்க்கால் வாயை அன்று பகலிலேயே அடைத்தோம். தண்ணீர் போக இடம் விட்டு, நாய்த்தலை நுழையாதபடி பெரிய கற்களை நெருக்கி வைத்தார். கல்லைக் கல்லால் தட்டி இறுக்கும்போது குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மாலையில், பாலத்துக்குப் பக்கத்தில் சிப்பாய் இல்லை என்று யாரோ சொன்னார்கள். இவர் மண்வெட்டியை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரும் கூடப் போனார்.

"யார் வீட்டு நாயோ பாவம். அப்படியே கிடக்க வேணாம்" என்று கிளம்பும்போது இவர் என்னிடம் சொன்னார்.

அதைப் புதைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பி வந்து கிணற்றடியில் கைகால் கழுவினார். குட்டி ஓடிப்போய் அவர் கைகளை வெகுநேரம் மோந்து பார்த்தது. அவரும் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றார். நான் அவித்த கிழங்கை எடுத்து வைக்க உள்ளே போனேன்.