அனுசூயாவுக்குப் போட்ட வாய்ப்பூட்டு

அனுசூயாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரைக்கால் கன்னியாஸ்திரீகளைத்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சு இலக்கணத்தில் ஒரு விகுதி பிசகினாலும் ஸ்கேலால் விரல் முட்டியில் போடுவார்கள். அப்படி அடி வாங்கிப் படித்தது கல்யாணமாகி, கனடாவில் பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியாலுக்கு வந்த பிறகு சம்பளம் வாங்கித் தரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கணவர் மணிவாசகம் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். அவர்களைப் போல வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், இன்ஜினியர், ஆராய்ச்சியாளர். எல்லோரும் ஆங்கிலத்தை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1971-ல் அனுசூயா ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். நல்ல பிரெஞ்சில் எழுதியிருந்தாள். எடுத்துக்கொண்டார்கள்.

கணவனும் மனைவியும் பிரிந்து, குழந்தைகள் தாயோடு இருந்தால், தகப்பன் மாதாமாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போடுவார். போடுவது சுலபம். கொடுக்காமல் டிமிக்கி கொடுக்கிறவனைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வைப்பதுதான் அனுசூயாவின் வேலை.

முதல் வாரம் போனில் ஒரு லாரி டிரைவர் பூசைப் பாத்திரம், நற்கருணைப் பேழை என்று கோயில் சாமான்களை வரிசையாகச் சொன்னான். பக்திமான் போலிருக்கிறது, வழிக்கு வந்துவிடுவான் என்று நம்பி அவளும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஊரில் கெட்ட வார்த்தைகளே அவைதானாம். கன்னியாஸ்திரீகள் இதைச் சொல்லித் தரவில்லை.

திட்டுவது பழகிவிட்டது. பழகாதது வேலையின் லட்சணம். சம்பளக்காரன் என்றால் அவன் முதலாளிக்கு உத்தரவு அனுப்பிச் சம்பளத்திலேயே பிடிக்கலாம். உத்தரவு போய்ச் சேருவதற்குள் அவன் வேறு வேலைக்குத் தாவியிருப்பான். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கிருந்தும் போயிருப்பான். அமெரிக்க எல்லையைத் தாண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். தாய்மார்கள் கவுன்டருக்கு வந்து, ‘நீங்கள் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். சில நாள் அதே கேள்வியை அவளும் தன்னையே கேட்டுக்கொண்டு மெட்ரோவில் வீடு திரும்புவாள்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஒரு சத்தியமும் வாங்கியிருந்தார்கள். யாருடைய விஷயத்தையும் வெளியே மூச்சு விடக் கூடாது, புருஷனிடம்கூட. இதில் என்ன கஷ்டம் என்று அப்போது நினைத்தாள்.

1973 குளிர்காலத்தில் கமலினி வந்து கவுன்டர் முன்னால் நின்றாள்.

ஸ்ரீகுமாரின் மனைவி கமலினி. நாகர்கோவில்காரரான ஸ்ரீகுமார் சொந்தமாக ஒரு கட்டட ஆலோசனைக் கம்பெனி நடத்தினார். தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். யாராவது புதிதாக வந்து இறங்கினால் விமான நிலையத்துக்குப் போவது அவர் கார்தான். மணிவாசகத்தை வாய்க்கு வாய் ‘அண்ணே’ என்பார், அனுசூயாவை ‘அண்ணி’. அந்த மனிதர் முந்தின வருஷம் மனைவியையும் ஐந்து வயது மகளையும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் விட்டுவிட்டு, இல்-பிசாரில் புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ‘ஒத்து வரலை, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் வைக்கலை’ என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எல்லோரும் நம்பினார்கள். அனுசூயாவும் நம்பியிருந்தாள்.

“ஒரு மாசம்கூடக் குடுக்கலைக்கா,” என்றாள் கமலினி. “கோர்ட்டு சொல்லியும் குடுக்கலை. ஹீட்டருக்குக் கட்ட முடியலை. பாப்பாவை ஸ்வெட்டரோட படுக்க வைக்கறேன்.”

அனுசூயா நேராக மேலதிகாரி பொவாவேரின் அறைக்குப் போனாள். இவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள், என் கணவருக்கு அந்த மனிதர் நண்பர், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள். பொவாவேர் நல்ல மனிதர்தான். ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்.

“அந்த அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியுமா?”

“தெரியாது.”

“ஆங்கிலம்?”

“கொஞ்சம்.”

“அப்படியானால் உங்களை விட்டால் வேறு யார் பார்ப்பது மேடம்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

வைத்துக்கொண்டாள். ஸ்ரீகுமாரின் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றால் அவரே முதலாளி, அவரே சம்பளக்காரர். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் ஆபீஸ் கூட்டுகிற ஆளின் கூலியைவிடக் குறைவு என்று கணக்குக் காட்டினார். கார் கம்பெனியுடையது. சாப்பாட்டுச் செலவும் கம்பெனியுடையது. மிஞ்சியது இல்-பிசார் வீடு ஒன்றுதான். அது மட்டும் அவர் சொந்தப் பெயரில் இருந்தது. அதை ஜப்தி செய்ய வேண்டிய காரியங்களை அனுசூயா தொடங்கினாள். ஒவ்வொரு காகிதமும் மூன்று மேசை ஏறி இறங்கி வர மாதக்கணக்கானது.

இதற்கு நடுவே அடுத்த வருஷப் பொங்கல் வந்தது. ஒரு டாக்டர் வீட்டு நிலவறையில் எல்லாக் குடும்பங்களும் கூடின. ஸ்ரீகுமார் வேட்டி கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினார். கமலினியை யாரும் கூப்பிடவில்லை. அனுசூயாவின் இலைக்கு முன்னால் குனிந்து, “அண்ணி, இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல்?” என்றார் ஸ்ரீகுமார். அவர்மேல் ஜப்தி வேலை நடப்பது அவருக்குத் தெரியும். நடத்துவது யார் என்பதும் தெரியும். இவளால் வாய் திறக்க முடியாது என்பதும் தெரியும்.

“அந்தப் பொண்ணுக்குக் கையில காசு நிக்காது,” என்றாள் டாக்டரின் மனைவி. “பாவம், இவர் எவ்வளவு அனுப்பினாலும் ஓட்டைப் பானையில தண்ணி.”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு காசுகூட அனுப்பவில்லை என்று அனுசூயா ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்துக்கு அவள் வேலையைப் பறித்துவிடுவார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

அந்தப் பந்தியைப் பற்றி யாரோ கமலினியிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை கவுன்டருக்கு வந்தவள் உட்காரவே இல்லை.

“ஆபீஸ்ல எனக்கு அனுசரணையாப் பேசறீங்க. விசேஷத்துல அவர் பரிமாறினதை உக்காந்து சாப்பிடறீங்க. அவங்க என்னை வாய்க்கு வந்தபடி பேசினப்போ நீங்க ஒரு வார்த்தை சொல்லலியாமே?”

“வெளியில பேசக் கூடாதும்மா. சத்தியம் பண்ணிட்டுத்தான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்.”

“உங்க சத்தியம் உங்களுக்கு. எனக்கு மானம் போகுது.”

அன்றிலிருந்து கமலினி அவளை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பனி உருகி, மரங்கள் தளிர்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணிவாசகம் எதையோ மென்று விழுங்குவது போலத் தயங்கினார்.

“அனு, ஒரு சின்ன விஷயம். ஸ்ரீகுமார் அந்த இல்-பிசார் வீட்டைக் கொஞ்ச நாளைக்கு என் பேருல வச்சுக்கச் சொன்னான். ஏதோ வரி விவகாரமாம்.”

அனுசூயா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினாள். “வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்ங்க. ஏன்னு கேக்காதீங்க.”

அவர் முகம் கறுத்தது. “ஏன்னு சொல்லாம வேண்டாம்னா எப்படி? நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வாக்குத்தானே? வாபஸ் வாங்கிக்குங்க.”

“கையெழுத்தும் போட்டாச்சு,” என்றார். “வியாழக்கிழமையே நோட்டரிகிட்டப் போய்ப் போட்டாச்சு.”

ஒரு வருஷமாக மேசை மேசையாகத் தள்ளிக்கொண்டு வந்த காரியம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தட்டிவிட்டது வேறு யாருமில்லை, தாலி கட்டிய புருஷன். அவருக்கு அது தெரியவும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டது அவள்தான். யார்மேல் கோபப்படுவது என்றே விளங்காமல் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வந்து சொன்னாள்.

“நாளைக்கு ஆபீஸ்ல இதைச் சொல்லப் போறேன்.”

“எதை?”

“வீடு உங்க பேருல இருக்குங்கறதை.”

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. மனைவி எந்த ஆபீஸில் என்ன வேலை பார்க்கிறாள் என்று மணிவாசகத்துக்குத் தெரியாதா? மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. “ரெண்டு பேரையும் குறையில்லாமப் பாத்துக்கறேன்னு சொன்னானே,” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அனுசூயா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பொவாவேரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த ஆள் உங்கள் குடும்ப நண்பர் என்று முதலிலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“சொன்னேன். முதல் நாளே, இதே அறையில். நீங்கள்தான் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்.”

“எழுதிக் கொடுத்தீர்களா?”

எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரமே அவளை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அங்கே முகவரி மாற்றங்களைப் பதிவது வேலை. கமலினியின் விஷயத்தைப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆளிடம் கொடுத்தார்கள். அவனுக்கு ஸ்ரீகுமார் என்ற பெயரை உச்சரிக்கவே வாய் வரவில்லை. அனுசூயா படிக்கட்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், ‘அந்தக் கைமாற்றத்தை ரத்து செய்ய வழக்குப் போட்டீர்களா?’ என்று கேட்பாள். ‘பார்க்கிறேன் மேடம்’ என்பான். நடுவில் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தது. நீதிமன்ற விடுமுறை வந்தது. அந்த ஆளுக்குக் கல்யாணம் வந்தது. வழக்கு விசாரணைக்கு வர 1976 இலையுதிர் காலம் ஆகிவிட்டது.

சாட்சி சொல்ல வரும்படி மணிவாசகத்துக்குச் சம்மன் வந்தது. முந்தின மாலை ஸ்ரீகுமார் வீட்டுக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, பணம் குடுத்துத்தான் வாங்கினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்ததை என் வக்கீல் பாத்துக்குவார்.”

“நீ குழந்தைக்கு மாசாமாசம் குடுக்கறேன்னு சொன்னியே?”

“அது வேற விஷயம்ணே. உங்களுக்கு அதெல்லாம் புரியாது.”

அனுசூயா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. ஸ்ரீகுமார் போகும்போது, “அண்ணிகிட்ட சொல்லிடுங்க, வீட்டுக்குள்ளயே போலீஸ் வச்சிருக்கீங்கன்னு ஊரே பேசுது,” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நீதிமன்றத்தில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கமலினி முன்வரிசையில்; திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். மணிவாசகம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“ஒரு காசும் கொடுக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.”

நியாயத்துக்குச் சொன்னாரா, பல்கலைக்கழகத்தில் பேர் கெட்டுவிடும் என்ற பயத்தில் சொன்னாரா என்று அனுசூயாவுக்குத் தெரியாது. வீடு திரும்பும்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது என்று பின்னாளில் நினைத்தாள்.

கைமாற்றம் ரத்தானது. வீடு ஏலத்துக்குப் போக இன்னும் ஒரு வருஷம். விற்ற பணத்தில் முதலில் வங்கி எடுத்துக்கொண்டது, பிறகு வரி, பிறகு வக்கீல்கள். கமலினிக்கு வந்து சேர்ந்தது, வர வேண்டியதில் பாதிகூட இல்லை. ஏலம் முடிவதற்குள் ஸ்ரீகுமார் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு டெக்சாஸ் பக்கம் போய்விட்டார். அங்கே இந்த ஊர் உத்தரவை அமல்படுத்த அனுப்பிய மனு, அதுவும் இதுவும் குறைகிறது என்று இரண்டு முறை திரும்பி வந்தது.

தமிழ்க் குடும்பங்கள் இவர்களைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டன. ‘பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நண்பனைக் காட்டிக் குடுத்தார்’ என்று பேசிக்கொண்டார்கள். கமலினியை ஏமாற்றியது யார் என்று அப்போதும் யாரும் பேசவில்லை. மணிவாசகம் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போகாமல் வீட்டிலேயே கிரிக்கெட் வர்ணனை தேடி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

1978-ல் ஒரு நாள் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் கமலினியை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். பக்கத்தில் பள்ளிப்பையோடு மகள், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கமலினி கார்த்ரி என்கிற காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். பிரெஞ்சும் கற்றுக்கொண்டிருந்தாள்.

“சார் கோர்ட்ல உண்மையைச் சொன்னாரு. அதுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“சொல்றேன் அவர்கிட்ட.”

“நீங்கதான் வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல சொன்னீங்கன்னும் பேந்துதான்... பின்னாலதான் தெரிஞ்சது.” யாழ்ப்பாணத்துப் பெண்களோடு வேலை செய்து அந்தப் பேச்சும் நாக்கில் ஒட்டியிருந்தது. “ஆனாலும் அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் இன்னும் ஆறலை.”

“எனக்கும்தான்,” என்றாள் அனுசூயா.

பேருந்து வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ பிரெஞ்சில் அவசரப்படுத்தினாள். இருவரும் ஏறிப் போனார்கள்.

அந்த வருஷக் கடைசியில் பொவாவேர் ஓய்வு பெற்றார். புது அதிகாரியிடம் அனுசூயா பழைய பிரிவுக்கே மாற்றல் கேட்டாள். இம்முறை எழுதியே கொடுத்தாள். கிடைத்தது. மணிவாசகம், “பட்டது போதாதா?” என்றார். “போதும்தான்,” என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலை கிளம்பினாள். மேசையில் பழைய தொலைபேசியே இருந்தது. முதல் அழைப்பில் ஒரு தகப்பன், தான் வேலையை விட்டு மூன்று நாளாகிறது என்றும் முடிந்ததைச் செய்துகொள் என்றும் கத்தினான்.

“விட்ட வேலை எந்த இடத்தில்? இப்போது சாப்பாடு யார் போடுகிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே அனுசூயா பேனாவை எடுத்தாள்.