திரையை விலக்கிப் பார்ப்பவர்

திருப்பாதிரிப்புலியூரில் சனிக்கிழமை சாயங்காலம் எந்த பாரில் உட்காருவது என்று எங்கள் கூட்டத்துக்கு முடிவு செய்பவர் ஒரு மருந்துக் கம்பெனி ரெப். ஒல்லியான ஆள், எப்போதும் டக் இன் செய்த சட்டை. எங்களை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பார் வாசலில் தொங்கும் திரையை இரண்டு விரலால் விலக்கி உள்ளே நோட்டம் விடுவார். சில நாள் உடனே திரும்பிவிடுவார். “இது சரிப்படாது மச்சான், வேற பாக்கலாம்.” சுத்தமும் மீன் வறுவலும் பார்க்கிறார் என்று நாங்கள் அவர் ரசனையை மெச்சிக்கொண்டோம்.

ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் போனபோது கேட்டுவிட்டேன். “உள்ள அப்படி என்னதான் பாக்குற?”

“எங்கப்பா இருக்காரான்னு பாக்குறேன். என்னப் பாத்தா கிளாஸ அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிடுவாரு. பாவம், வாரத்துல ஒருநாள்தான் வராரு.”

“நீ குடிக்கிறது அவருக்குத் தெரியுமா?”

“சேச்சே, தெரியாது.”

பாரை நெருங்கினோம். வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். இரண்டு விரலால் திரையை விலக்கி, ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தார். தேடிய முகம் இல்லை போலும். நிம்மதியாக உள்ளே போனார்.

ரெப் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்தத் திரை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுன்னுதான் நெனச்சினு இருந்தேன் மச்சான்” என்றார். “வா, டீ குடிக்கலாம். அவரு நிம்மதியா உக்காரட்டும்.”