பத்தேகால் மணி பஸ்

கணக்கு டீச்சர் சிரித்தால் பள்ளிக்கூடத்துக்கே கேட்கும். ஊரடங்குக் காலத்தில், பிள்ளைகள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்த கட்டடத்தில், கைப்பேசியைக் காதில் வைத்தபடியே அவர் ஒருநாள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் நான் கணினி ஆசிரியன். இணையவழித் தேர்வில் யாரும் காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பார்த்துக்கொண்டேன் என்று நான் சொன்னால் அந்தப் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். ஒவ்வொருவருக்கும் கேள்விகளின் வரிசையை மாற்றிப் போட்டேன். நேரம் முடிந்ததும் தேர்வு தானாக மூடிக்கொள்ளும்படி வைத்தேன். கேமராவைத் திறந்து வைத்துத்தான் எழுத வேண்டும் என்றேன். ஒரு பையனின் கேமராவில் கடைசி வரை அவர்கள் வீட்டு எருமைதான் தெரிந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில், மாணவன் வேறு பக்கத்தைத் திறந்தாலே காட்டிக்கொடுக்கிற மென்பொருள் இருக்கிறது. என்னைவிட உஷாரான மென்பொருள்தான். ஆனாலும் கணக்கு டீச்சர் வைத்திருந்த வழிக்கு அது கிட்டே வராது. தேர்வு முடிந்த மறுநாள் அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பேசியில் அழைப்பார். "இந்த விடை எப்பிடி வந்துச்சு, சொல்லு பாக்கலாம்" என்பார். மிரட்டல், அதட்டல் எதுவும் கிடையாது. காப்பியடித்த பிள்ளை அந்த ஒரு கேள்வியில் தானாக மாட்டிக்கொள்ளும்.

எட்டாம் வகுப்புக்கு அவர் ஒரு கணக்குப் போட்டார். கள்ளக்குறிச்சியில் இருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பும் மலைப் பேருந்து மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்றால், எத்தனை மணிக்கு மலை மேல் போய்ச் சேரும்? விடை ஒன்பதரை. மலைக்குக் கீழே ஊர்களில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதரை என்று சரியாக எழுதியிருந்தார்கள். மலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பத்தேகால் என்று எழுதியிருந்தார்கள். விடுதியை மூடியதால் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின் மேல் கூட்டமாக உட்கார்ந்துதான் தேர்வு எழுதுவார்கள்.

ஒரே பாறை, ஒரே தப்பு. தலைமையாசிரியருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "மலைப் பசங்க எல்லாத்துக்கும் சைபர் போடுங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர்களில் நன்றாகப் படிக்கிற பெண்ணின் அப்பாவைக் கைப்பேசியில் அழைத்து, அவர் மகள்தான் எல்லோருக்கும் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டார். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது. "திருட்டுத்தனம் பண்றதுக்கா சார் அவ்ளோ தூரம் அனுப்புனேன்? பள்ளிக்கூடம் தொறந்தாலும் இனிமே அனுப்ப மாட்டேங்க." கணக்கு டீச்சர் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

முதலில் கீழூர்ப் பிள்ளைகளை அழைத்தார். "குரூப்ல வந்துச்சு டீச்சர்" என்றான் ஒருவன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அக்காதான் போட்டுது" என்றாள் ஒருத்தி. பிறகு மலைப் பிள்ளைகள். டிரைவர் கச்சிராயபாளையத்தில் இறங்கி டீ குடிப்பார் என்றான் ஒருவன். கடைக்காரர்கள் மூட்டை ஏற்றுவார்கள் என்றான் இன்னொருவன். வளைவில் இஞ்சின் சூடாகிவிடும், நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான் மூன்றாமவன். கடைசியாக அந்தப் பெண். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"கணக்குப்படி எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?"

"ஒம்போதரைக்கு, டீச்சர்."

"அப்பறம் இன்னாத்துக்குப் பத்தேகாலு போட்ட?"

"ஒம்போதரைக்குப் போயி நின்னுகினு இருந்தா பஸ்ஸு வராதே டீச்சர்!"

அப்போது வந்ததுதான் அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். "தப்பாப் போட்டதுங்க ஒண்ணும் காப்பியடிக்கல சார். சரியாப் போட்டதுங்கதான் அடிச்சிருக்குது!" என்றார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த சைபர எடுத்துடுங்க" என்றார். பிறகு அந்தப் பெண்ணின் அப்பாவை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது கைப்பேசி. பிறகும் பலமுறை முயன்றார், கிடைக்கவேயில்லை. மலைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியும் அந்த அப்பா திருப்பி அழைக்கவில்லை. அந்தப் பெண் திரும்பி வருவாளா என்று கணக்கு டீச்சர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பள்ளி திறந்த நாளில் மலைப் பேருந்து வந்து நின்றது. இறங்கிய பிள்ளைகள் விடுதியை நோக்கி ஓடினார்கள். எல்லோருக்கும் பின்னால் தலையில் தகரப் பெட்டியோடு அந்த அப்பா, அவர் முதுகுக்குப் பின்னால் மகள். இருவரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

"எம்பொண்ணு திருடுனாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சார். அப்பறந்தான் பொட்டிய எறக்குவேன்."

பெற்றோர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இல்லைங்க. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன்" என்றார். சொல்லிக்கொண்டே வெளியே போய், பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.

அந்த மனிதரின் முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்துங்க சார், கனம் ஜாஸ்தி" என்றார். இருவருமாகப் பெட்டியைத் தூக்கிவந்து கேட்டுக்கு உள்ளே வைத்தார்கள்.